குரைக்கும் இருமலும் அடங்காத காய்ச்சலும்

வணக்கம். கேமராவைக் கையில்தான் பிடித்திருக்கிறேன், கொஞ்சம் ஆடும்; பொறுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் செவிலியர் என்பது தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இன்று பேசப்போவது பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் பாக்டீரியா தொற்றுவதைப் பற்றி. மருத்துவர்கள் பாக்டீரியல் டிரக்கியைட்டிஸ் என்பார்கள். அரிதான நோய்தான். ஆனால் வந்துவிட்டால் சில மணி நேரத்திலேயே முற்றிவிடக்கூடியது.

தொடக்கத்தில் சந்தேகமே வராது. மூக்கு ஒழுகும், லேசாக உடம்பு சுடும், பிறகு நாய் குரைப்பது போன்ற இருமல். கிரூப் என்ற வைரஸ் தொற்றும் இப்படித்தான் இருக்கும், பெரும்பாலும் அதுவாகவேதான் இருக்கும். வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்து ஒரே ஒரு வேளை, தேவைப்பட்டால் மருந்தைப் புகைபோல மூச்சில் இழுக்கவைக்கும் நெபுலைசரில் அட்ரினலின். சில மணி நேரத்தில் பிள்ளை தெளிந்துவிடும்.

தெளியாத பிள்ளையைப் பற்றித்தான் இந்த வீடியோ. வைரஸ் புண்ணாக்கிய உட்சுவரில் பாக்டீரியா குடியேறிவிடுகிறது. பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். நிமோகாக்கஸ், மொராக்செல்லா போன்றவையும் உண்டு. சில நாள் சளிக்குப் பிறகு காய்ச்சல் குபீரென்று ஏறும். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்ற சத்தம். கழுத்துக் குழியும் விலா இடுக்குகளும் உள்வாங்கும். முகம் வெளிறி, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே தெம்பில்லாமல் கிடக்கும். நெபுலைசர் வைத்தும் மூச்சுத்திணறல் குறையவில்லை என்றால் எங்களுக்கு மணி அடித்துவிடும். ‘மருந்து கொடுத்தாயிற்றே, கேட்கட்டும்’ என்று வீட்டில் விடியும்வரை காத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம்.

ஏன் இவ்வளவு அவசரம்? சின்னக் குழந்தையின் மூச்சுப்பாதை 4 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2. காற்று போகும் பரப்பில் முக்கால்வாசி போய்விட்டது. தடையோ 16 மடங்கு ஏறிவிட்டது. பெரியவர்களுக்கு இதே வீக்கம் தொண்டைக்கட்டோடு போய்விடும்.

அதோடு சீழும் சேர்கிறது. பல பிள்ளைகளுக்குச் செயற்கை சுவாசக் குழாய் போட வேண்டியிருக்கும். அதற்குள் உறிஞ்சுகுழாயை விட்டு இழுத்தால் மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக வரும். சில சமயம் உட்சுவரே உரிந்ததுபோலப் பட்டையாக ஒரு சவ்வு வந்து சிக்கிக்கொள்ளும். அப்போது உறிஞ்சும் சத்தம் சட்டென்று மாறும். இரவு முழுக்க அந்த மாற்றத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம். ஏனென்றால் அந்தச் சவ்வு நாங்கள் போட்ட குழாயையே அடைத்துவிடும். மருத்துவர்கள் பிராங்கோஸ்கோப் என்ற கேமரா குழாயை விட்டு உள்ளே பார்த்துச் சுத்தம் செய்வதும் இதற்காகத்தான். நோயை உறுதிசெய்வதும் அதே பரிசோதனைதான்.

ஆன்டிபயாடிக் முதலில் நரம்பு வழியாகத்தான் போகும். மொத்தம் 10 நாள், சிலருக்கு 14 நாள்கூட ஆகும்.

மருத்துவமனைக்கு வரும் வழியில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தொண்டையைப் பார்க்கிறேன் என்று கரண்டியை வாய்க்குள் விடாதீர்கள். அழுதால் மூச்சு இன்னும் இறுகும். மடியில் எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே விடுங்கள். எச்சில் வடிய, முன்னால் சாய்ந்து, இருமலே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் அது எபிகுளோட்டைடிஸாக, அதாவது மூச்சுக்குழாயின் வாசலை மூடும் குரல்வளை மூடி வீங்கும் நோயாக, இருக்கலாம். அதை உண்டாக்கும் முக்கியமான பாக்டீரியாவான ஹிப்புக்குத் தடுப்பூசி வந்த பிறகு அது வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனாலும் அதற்கும் இதே அவசரம்தான்.

‘பிழைத்துவிடுமா அக்கா’ என்று கேட்பீர்கள். நேரத்தோடு வந்தால் பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். காய்ச்சல் இறங்கி, சளி இளகி, குழாயைச் சுற்றிக் காற்று கசியத் தொடங்கினால் வீக்கம் வடிகிறது என்று அர்த்தம். குழாயை எடுக்கலாமா என்ற பேச்சு அப்போதுதான் ஆரம்பிக்கும். எடுத்த பிறகு சில நாள் குரல் கம்மியிருக்கும், பயப்படாதீர்கள். சரி, எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. கிளம்புகிறேன்.