பந்து லில்லி இந்த வருஷம் ஏன் பூக்கல?

[காட்சி: காய்ந்த மண் நிரம்பிய தொட்டி. நடுவில் பெருவிரல் தடிமனில், கருஞ்சிவப்புப் புள்ளிகளோட ஒரு முளை. இலை ஒண்ணுகூட இல்லை.]

சித்திரை கடைசியில ஒரு நல்ல கோடைமழை விழுந்த நாலஞ்சு நாள்ல தொட்டிக்குள்ள இப்படி ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும். அடுத்த ரெண்டு வாரத்துல அது ஒண்ணு ஒண்ணரை அடித் தண்டாகி, உச்சியில ஒரு சிவப்புப் பந்து விரியும். குமரி மாவட்டத்துல களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் முற்றத்துல இது இல்லாத வீடு குறைவு. பந்து லில்லி, மே லில்லி, ஃபுட்பால் லில்லின்னு வீட்டுக்கு ஒரு பேரு. கேரள எல்லையைத் தாண்டினா 'மே ஃப்ளவர்'னு சொல்லுவாங்க. ஆனா செங்கொன்றை மரத்துக்கும் அதே பேருதான். அதனால நர்சரியில கேக்கும்போது 'கிழங்குல வர்ற மே ஃப்ளவர்'னு தெளிவா கேளுங்க.

தாவரப் பேரு ஸ்கேடாக்சஸ் மல்டிஃப்ளோரஸ். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. சகாராவுக்குத் தெற்கே செனகல்ல தொடங்கி சோமாலியா வரைக்கும், கீழே தென்னாப்பிரிக்கா வரைக்கும் காட்டு நிழல்லயும் புல்வெளியிலயும் தானா வளருது. அரபு நாட்டின் தெற்கு ஓரத்துலயும் உண்டு. பழைய புத்தகங்கள்ல ஹேமாந்தஸ்னு இருக்கும். 1976-லதான் ரெண்டையும் திரும்பத் தனித்தனியா பிரிச்சாங்க. கடைக்காரர் ஹேமாந்தஸ்னு எழுதி வச்சிருந்தா, பெரும்பாலும் கையில கொடுக்கிறது இதுவாத்தான் இருக்கும்.

ஒவ்வொரு மே மாசமும் நிறையப் பேர் கேக்கிற கேள்வி ஒண்ணுதான். "போன வருஷம் பந்து மாதிரி பூத்துது. இந்த வருஷம் வெறும் இலை. ஏன்?" உரம் போதலன்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. பெரும்பாலும் காரணம் அது இல்லை. போன வருஷம் பூ வாடின பிறகு அந்தத் தொட்டிக்கு என்ன நடந்துதுன்னு யோசிங்க, விடை அங்கதான் இருக்கு.

[காட்சி: கிழங்கு நெடுக்காக வெட்டப்பட்டிருக்கிறது. வெங்காயம் போல அடுக்கடுக்கான செதில்கள்.]

இது உள்ளி மாதிரி அடுக்கடுக்கான கிழங்கு. ஒரு சீசன்ல வர்ற இலைகள் வெயிலைப் பிடிச்சு மாவாக்கி இந்த அடுக்குகள்ல சேர்த்து வைக்குது. அடுத்த வருஷப் பூமொட்டும் அந்தச் சேமிப்புல இருந்துதான் கிழங்குக்குள்ளேயே உருவாகுது. அதாவது 2027 மே மாசம் பூக்க வேண்டியதை 2026 ஜூன் முதல் அக்டோபர் வரைக்கும் இருக்கிற இலைதான் தீர்மானிக்குது. பூ முடிஞ்சதும் 'இனி இதுல என்ன இருக்கு'ன்னு தொட்டியைக் கிணத்தடி மூலையில ஒதுக்கி வச்சா, அடுத்த வருஷப் பூவையும் சேர்த்துத்தான் ஒதுக்கி வைக்கிறீங்க.

சரி, நடுறதுல இருந்து வருவோம். சேனை நடுற அதே மாசி, பங்குனிதான் இதுக்கும் நேரம். கிழங்கு தூங்கிட்டு இருக்கணும், புது வேர் ஓடத் தொடங்கியிருக்கக் கூடாது. பத்தாமுதயம், அதாவது சித்திரை பத்து வரைக்கும் நடலாம். அதுக்குப் பிறகு மூக்கு கிளம்பிடும். அந்த நேரத்துல தோண்டினா அந்த வருஷப் பூ போச்சு. வாங்கும்போது கிழங்கைக் கையில எடுத்து அடித்தட்டையும் (வேர் கிளம்புற அடிப்பகுதி) கழுத்தையும் பெருவிரலால அழுத்திப் பாருங்க. கல்லு மாதிரி இருக்கணும். அழுத்தின இடம் குழிஞ்சா வாங்காதீங்க. குறுக்களவு 5 சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா அந்த வருஷம் பூ எதிர்பார்க்க வேண்டாம்.

[காட்சி: நான்கு குவியல்கள். செம்மண், மணல், மக்கின தொழுவுரம், கழுவின கதம்பைச் சோறு.]

மண் கலவையிலதான் நம்ம பக்கத்து ஆட்கள் தப்பு பண்றாங்க. கதம்பைச் சோறு, அதாவது தேங்காய் நார்த்தூள், கைக்கெட்டின தூரத்துல கிடைக்குதுன்னு பாதிக்குப் பாதி போட்டுடுறாங்க. அது தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். துலா மழையில, அதாவது ஐப்பசி மழையில, ரெண்டு வாரம் விடாம ஈரம் நிக்கும்போது கிழங்கு அடியில இருந்து அழுகும். சரியான அளவு இது: செம்மண் 2 பங்கு, பருமணல் 1 பங்கு, நல்லா மக்கின சாணி உரம் 1 பங்கு, கதம்பைச் சோறு அரைப் பங்குக்கு மேல வேண்டாம். அதையும் ரெண்டு மூணு தடவை தண்ணியில ஊறவச்சுப் பிழிஞ்சு, உப்பும் கறையும் போன பிறகே சேருங்க. 8 இஞ்ச் தொட்டிக்கு வேப்பம்புண்ணாக்கு 50 கிராம், எலும்புத்தூள் 25 கிராம். மணல் கிடைக்கலன்னா எம்-சாண்டைச் சலிச்சு, மாவு போக மிச்சம் நிக்கிற குருணையை எடுத்துக்கலாம். மாவோட போட்டா சிமெண்ட் மாதிரி இறுகிடும்.

8 இஞ்ச் தொட்டிக்கு ஒரு கிழங்கு, 12 இஞ்சுக்கு மூணு. ரொம்பப் பெரிய தொட்டியில தனிக் கிழங்கை வைக்காதீங்க. வேர் எட்டாத மண்ணு சும்மா ஈரமாவே கிடக்கும். துவாரத்து மேல ஓட்டுத் துண்டு, அதுக்கு மேல ரெண்டு விரல் உயரம் செங்கல் சல்லி. நடும்போது கிழங்கோட கழுத்து மண் மட்டத்துல தெரியணும். சேனை மாதிரி ஆழமாப் புதைச்சா கிழங்கு கழுத்தை நீட்டுறதுலயே சத்தைச் செலவழிக்கும், இலை வரும், பூ வராது. வேர் வெள்ளையா, தடிச்சு, நூடுல்ஸ் மாதிரி இருக்கும். அது தூக்கத்துலயும் உயிரோட இருக்கிற வேர். வெங்காயத்துக்கு நறுக்குற மாதிரி நறுக்கிடாதீங்க. அறுந்தா மறுபடி வர ஒரு சீசன் ஆகும். வருஷா வருஷம் தொட்டி மாத்துறவங்க வீட்டுல பூக்காததுக்கு இதுதான் காரணம். மூணு நாலு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தினாப் போதும். தொட்டி நெருக்கடியா இருந்தா அதுக்கு ஒரு குறையும் இல்லை.

நட்ட அன்னைக்கு ஒரே ஒருதடவை, 8 இஞ்ச் தொட்டிக்கு ஒரு டம்ளர் தண்ணி. அதுக்குப் பிறகு மூக்கு தெரியுற வரைக்கும் செம்பைத் தொடாதீங்க.

வெளிச்சம்னா காலை வெயில் மூணு நாலு மணி நேரம், இல்லன்னா தென்னை நிழல்ல விழுற புள்ளி வெயில் நாள் முழுக்க. ரப்பர் மரத்தடி ஆகாது, இலை விட்ட ரப்பர் தோட்டம் ரொம்ப இருட்டு. உச்சி வெயில்ல இலை ஓரம் காகிதம் மாதிரி வெளுத்துக் காயும்.

[காட்சி: விரிந்த பூப்பந்து, மிக அருகில்.]

பக்கத்துல போய்ப் பாருங்க. இது ஒரு பூ இல்லை. ஒரு தண்டுல 100, 200 சின்னப் பூக்கள். ஒவ்வொண்ணுக்கும் ஊசி மாதிரி ஆறு இதழ், ஆறு சிவப்புக் கம்பி, கம்பி நுனியில மஞ்சள் மகரந்தப் பை. முழுப்பந்து ஒரு சாண் குறுக்களவு வரைக்கும் வரும். ஒரு வாரம், பத்து நாள் நிக்கும். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, முந்திக்கொண்டு அடிச்சா மூணே நாள்ல நைஞ்சு தொங்கிடும், அதனால பூத்த தொட்டியைத் திண்ணைக்கு ஏத்திடுங்க.

பூ வாடும்போதே பக்கத்துல இலைக்கட்டு ஏறும். இனிமேதான் வேலை. விதை வேண்டாம்னா பூத்தண்டை அடியில இருந்து ரெண்டு இஞ்ச் விட்டு வெட்டுங்க. இலை விரிஞ்சதும் 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு, ஈரமண்ணுல 15 நாளைக்கு ஒருதடவை ஊத்துங்க. இதை ஆகஸ்ட் கடைசியோட நிறுத்திடணும். செப்டம்பர், அக்டோபர்ல 0:0:50, அதாவது பொட்டாசியம் சல்பேட், அதே அளவுல ரெண்டே தடவை. யூரியா வேண்டாம். யூரியா வச்ச இலை பாக்க ஜோரா இருக்கும், ஆனா கிழங்கு தண்ணிப்பூசணி மாதிரி ஊதி, அழுகலுக்கு இடம் கொடுக்கும்.

இந்தப் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஐப்பசி, கார்த்திகையிலதான். செடி தூங்கப் போற நேரம் அது. நமக்கோ ரெண்டாவது மழை. நாகர்கோவில் தாண்டி கிழக்கே போகப்போக அந்த மழையே பெரிசு. இலை நுனி மஞ்சளாகத் தொடங்கினதும் தொட்டியைச் சன்ஷேட் அடியிலோ கார் ஷெட்டிலோ நகர்த்துங்க. மஞ்சளாகுதேன்னு உரம் வைக்காதீங்க, அது நோய் இல்லை. பச்சையா இருக்கிற இலையை வெட்டவும் கூடாது. இலையில மிச்சம் இருக்கிறதைக் கிழங்கு உள்ள இழுத்துக்கிட்டு இருக்கு. முழுக்கக் காய்ஞ்சு, லேசா இழுத்தாலே கையோட வந்தா அப்ப எடுங்க.

தரையில நட்டிருந்தா 15 சென்டிமீட்டர் உயர்ந்த மேடு, கிழங்குக்குக் கிழங்கு ஒரு அடி. இலை போனதும் பக்கத்துல ஒரு கம்பு நட்டு வையுங்க. தென்னைக்குத் தடம் எடுக்க வர்றவருக்கு அங்க கிழங்கு தூங்குதுன்னு தெரியாது. மண்வெட்டி ஒரே வெட்டுல ரெண்டாக்கிடும்.

டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வளர்ந்த கிழங்குக்குத் தண்ணியே வேண்டாம். 'பாவம், காயுதே'ன்னு வாரம் ஒரு செம்பு ஊத்துறவங்க இரக்கத்தாலயே பூவைக் கெடுக்குறாங்க. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு வர்ற முதல் மழைதான் அதுக்கு விடிஞ்சுதுன்னு சொல்ற சேதி.

[காட்சி: கழுத்து கருத்துத் தளர்ந்த கிழங்கு. பக்கத்தில் ஓட்டை விழுந்த இலை.]

அழுகல் தெரிஞ்சுக்க நம்ம மூக்கே போதும், புளிச்ச நாத்தம் அடிக்கும். கிழங்கைத் தோண்டி, வெள்ளைச் சதை தெரியுற வரைக்கும் கத்தியால சீவுங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்ல துடைக்கணும். கார்பென்டாசிம், மான்கோசெப் சேர்ந்த பொடி லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு 20 நிமிஷம் முக்கி, நிழல்ல மூணு நாள் உலர்த்தி, புதுக் கலவையில நடுங்க. ஒரு வாரம் தண்ணி வேண்டாம். அடித்தட்டே போயிருந்தா பாடுபட வேண்டாம், தூக்கிப் போடுங்க. மருந்து தொட்ட தொட்டியில அன்னைக்கே அழுகலைத் தடுக்கப் போடுற ட்ரைக்கோடெர்மாவைப் போடாதீங்க, அதுவும் ஒரு பூஞ்சைதான், செத்துடும்.

இலையில கறுப்பு உடம்பும் வெளிறின புள்ளியுமா கூட்டமா மேயுறது லில்லிப் புழு. ராத்திரிக்கு ராத்திரி இலையைச் சல்லடையாக்கும், விட்டா கழுத்து வழியா கிழங்குக்கே இறங்கும். கையால பொறுக்குங்க. மிச்சத்துக்கு சாயங்காலம் வேப்பெண்ணெய் 5 மில்லி, கூட ரெண்டு சொட்டு சோப்புத் திரவம், ஒரு லிட்டர் தண்ணியில கலந்து இலையோட அடிப்பக்கம் படுற மாதிரி அடிங்க. இலைக்கட்டு இடுக்குல வெள்ளைப் பஞ்சு தெரிஞ்சா மாவுப்பூச்சி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால துடைச்சாப் போதும்.

மழைக்காலத்துல இன்னொரு ஆப்பிரிக்காக்காரர் வருவார், ராட்சத நத்தை. ஈரச் சாக்கை மடிச்சு, உள்ள முட்டைக்கோஸ் இலையோ பப்பாளி இலையோ வச்சு ராத்திரி தொட்டிப் பக்கம் போடுங்க. விடியக்காலம் சாக்கோட கூடியிருக்கும். பொறுக்கி உப்புத்தண்ணி வாளியில போடலாம். வெறுங்கையால தொடாதீங்க. மூளைக்காய்ச்சல் உண்டாக்குற எலிப்புழு அதுல இருக்கக்கூடும். உப்பைத் தொட்டியைச் சுத்தித் தூவுறதும் வேண்டாம், மழையில கரைஞ்சு வேருக்குப் போகும்.

செடியும் விஷம்தான். லைகோரின் மாதிரியான ஆல்கலாய்டுகள் கிழங்கு முதல் பழம் வரைக்கும் இருக்கு. ஆப்பிரிக்காவுல அம்பு விஷத்துக்கும் மீன் பிடிக்கவும் பயன்படுத்தியிருக்காங்க. ஆடு கட்டுற இடத்துல வேண்டாம். தோண்டின கிழங்கை அடுக்களைப் பக்கம் உள்ளிக் கூடையில வச்சிடாதீங்க. வாந்தியும் வயித்துப்போக்கும் வரும், அதிகம் போனா ஆபத்து. சிவப்புப் பழம் சின்னப் பிள்ளைங்க கண்ணை இழுக்கும், அதனால விதை எடுக்கப் போறதில்லன்னா காயிலேயே வெட்டிடுறது நல்லது.

[காட்சி: பழுத்த சிவப்புப் பழங்கள், கையுறை போட்ட கை சதையைப் பிதுக்குகிறது.]

விதை எடுக்கிறவங்க கையுறையோட சதையைப் பிதுக்கிக் கழுவி, அன்னைக்கே நடணும். காயவச்சுப் பொட்டலம் கட்டி வைக்கிற விதை இல்லை இது, காய்ஞ்சா செத்துடும். ஈரக் கலவை மேல பாதி தெரியுற மாதிரி அழுத்தி வையுங்க, மூடவேண்டாம். முதல்ல வேர் கீழே இறங்கி ஒரு குட்டிக் கிழங்கு பிடிக்கும், இலை தாமதமாத்தான் வரும். முதல் ரெண்டு வருஷம் தூக்கக் காலத்துலயும் ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை லேசா நனைங்க. இந்தப் பொடிக் கிழங்குல அந்த நாலு மாசக் காய்ச்சலைத் தாங்குற சேமிப்பு இல்லை. பூ வர மூணு நாலு வருஷம் ஆகும். பக்கக் கிழங்கு பிரிச்சு நட்டா ரெண்டே வருஷத்துல பார்க்கலாம். ஆனா தாய்க் கிழங்கோட ஒட்டியிருக்கிறதைப் பிய்க்காதீங்க. தனி வேர் விட்டு, தொட்டாலே கழண்டு வர்றதை மட்டும் மாசியில எடுங்க.