ஃபோட்டோ சைஸ் குறைக்க 140 ரூபாயா?! | எனக்கு உதவுற சில சைட்டுகள்

வணக்கம் மக்களே. இன்னைக்கு மொட்டமாடில இல்ல, ரூம்லதான் இருக்கேன், வெளிய வெயில் மண்டைய பொளக்குது. பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, போன வீடியோல ஃபேன ஆஃப் பண்ணிட்டு பேசி நான் பட்ட பாடு உங்களுக்கே தெரியும்.

சரி, மேட்டருக்கு வரேன், செம கடுப்புல இருக்கேன். என் தங்கச்சி ஒரு எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் போடணும், அவளப்பத்திதான் உங்களுக்கு தெரியுமே, எதையும் கடைசி நாள்லதான் தொடுவா. ஃபோட்டோ 20 கேபிக்கு மேல 50 கேபிக்குள்ள இருக்கணும்னு அதுல போட்டிருக்கு, இவ ஃபோன்ல எடுத்த ஃபோட்டோ 3 எம்பி. உடனே பக்கத்து தெரு ப்ரவுசிங் சென்டருக்கு ஓடிட்டா. ஃபோட்டோ சுருக்க 50, கையெழுத்து சுருக்க 50, சர்டிஃபிகேட் பிடிஎஃப் சுருக்க 40. மொத்தம் 140 ரூபா! எக்ஸாம் ஃபீஸே 100 ரூபாதான்! ஃபார்ம் நிரப்பி குடுத்தா காசு வாங்கட்டும்ங்க, எங்க அப்பா மாதிரி ஆளுங்களுக்கு அது பெரிய உதவி, நான் இல்லேங்கல. ஆனா ரெண்டு க்ளிக்குக்கு 50 ரூபாயா?

அத விட என்னன்னா, நான் அவள கூப்பிட போனப்ப அந்த கம்ப்யூட்டர் டெஸ்க்டாப்ப பாத்தேன். பூரா ஊர்க்காரங்க ஆதார் பிடிஎஃப்பு. பேரோட வரிசையா இருக்கு. எனக்கு வயித்த கலக்கிருச்சு. அதுக்குதான் இந்த வீடியோ.

மொதல்ல ஸ்கூஷ், ஃபோட்டோ சைஸ குறைக்குற சைட்டு. ஸ்கூஷ் டாட் ஆப். ஸ்பெல்லிங் சொல்றேன், எஸ், க்யூ, யூ, ரெண்டு ஓ, எஸ், ஹெச். கூகுள் க்ரோம் டீம் 2018ல விட்டது, லாகின் கிடையாது, வாட்டர்மார்க் கிடையாது, ப்ரோ வெர்ஷன் வாங்குன்னு நச்சரிக்காது. இதுல எனக்கு ரொம்ப புடிச்சதே ஃபோட்டோ எங்கயும் அப்லோட் ஆகாது, உங்க ப்ரவுசருக்குள்ளயே வேலைய முடிச்சிரும். நம்பலையா? சைட்ட ஒரு தடவ தொறந்துட்டு நெட்ட ஆஃப் பண்ணிருங்க. நான் பண்ணி பாத்தேன், ஃப்ளைட் மோட்ல போட்டும் ஜம்முன்னு வேல செய்யுது.

இப்ப நான் பண்ண தப்ப கேளுங்க. ஃபோட்டோவ உள்ள போட்டேன், குவாலிட்டின்னு ஒரு ஸ்லைடர் 75ல நிக்குது. அத இழுத்தேன், இழுத்தேன், 5 வரைக்கும் இழுத்துட்டேன், தங்கச்சி மூஞ்சி பாத்ரூம் டைல்ஸ் மாதிரி கட்டம் கட்டமா ஆயிருச்சு, அப்பவும் 200 கேபிக்கு மேலதான் இருக்கு. அவ பக்கத்துல நின்னு "இதுக்கு 140 ரூபாயே பரவால்ல"ங்குறா. எனக்கு சுர்ருன்னு ஏறிருச்சு. அப்பறம்தான் உறைச்சது, மொதல்ல ரீசைஸ்ங்குற பட்டன ஆன் பண்ணி அகலத்த குறைக்கணும். ஃபோன் ஃபோட்டோ நாலாயிரம் பிக்சல் இருக்கும், அத அப்படியே வச்சுட்டு குவாலிட்டிய மட்டும் குறைச்சா எங்க இருந்து சுருங்கும்? 300 போட்டேன், 14 கேபி. அடடா இப்ப 20க்கு கீழ போயிருச்சு! 450 போட்டேன், குவாலிட்டிய 85ல வச்சேன், 47 கேபி. நாப்பத்தேழு! நான் கத்துன கத்துல அம்மா கிச்சன்ல இருந்து ஓடி வந்துட்டாங்க, யாருக்கோ வேலை கெடச்சிருச்சுன்னு நெனச்சிருக்காங்க.

ஆங், கையெழுத்த விட்டுட்டேன். அதுக்கும் இதேதான், ஆனா மொதல்ல ஃபோன் கேலரிலயே ஓரத்தெல்லாம் க்ராப் பண்ணிருங்க. வெள்ளப்பேப்பர்ல கருப்பு பேனா, ட்யூப்லைட் நெழல் விழாம எடுங்க.

பிடிஎஃப் சுருக்குறதுக்கு நெட்ல ஆயிரம் சைட் இருக்கு, ஆனா நெறைய சைட் ஃபைல அவங்க சர்வருக்கு ஏத்திதான் சுருக்கும். மார்க்‌ஷீட் ஏத்துறதெல்லாம் உங்க இஷ்டம், ஆதார மட்டும் ஏத்தாதீங்க ப்ளீஸ்.

ஆதார்னதும் ஞாபகம் வருது. மை ஆதார் சைட்ல டவுன்லோட் பண்றப்ப மாஸ்க்டுன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டா மொத எட்டு நம்பர் மறைஞ்சு கடைசி நாலு மட்டும் தெரியும். லாட்ஜுல, கூரியர்ல, ஜெராக்ஸ் கடைலன்னு கண்ட எடத்துலயும் கேக்குறாங்கல்ல, அங்கெல்லாம் நான் இததான் நீட்டுவேன். டவுன்லோட் பண்ணதும் பாஸ்வேர்ட் கேக்கும், அங்கதான் எல்லாரும் முட்டிக்கிட்டு நிப்பாங்க, கமெண்ட்ல வாராவாரம் இதே கேள்விதான். ஆதார்ல இருக்குற பேரோட மொத நாலு எழுத்து இங்கிலீஷ்ல கேப்பிட்டல்ல, அப்பறம் பொறந்த வருஷம். கமலா, 1962ன்னா கே ஏ எம் ஏ 1962. இடைவெளி விடக்கூடாது. பேரே மூணு எழுத்துதான்னா அந்த மூணு போதும்.

அடுத்து சஞ்சார் சாத்தி, மத்திய அரசோட தொலைத்தொடர்பு துறை 2023ல விட்டது. உங்க நம்பர குடுத்து ஓடிபி போட்டா உங்க பேர்ல எத்தன சிம் ஓடுதுன்னு காட்டிரும். ஒருத்தருக்கு நம்ம ஊர்ல 9 சிம் வரைக்கும்தான் கணக்கு. நான் அப்பாவுக்கு போட்டு பாத்தேன், நாலு காட்டுது. மனுஷன் வச்சிருக்குறது ரெண்டு! மூணாவது எங்க சித்தப்பாவுக்கு எப்பவோ வாங்கி குடுத்தது, நாலாவது யாருதுன்னே தெரியல. அதுலயே "என் நம்பர் இல்ல"ன்னு குடுக்க ஆப்ஷன் இருக்கு, குடுத்தாச்சு. அப்பா ரெண்டு நாளா தூங்கல, அது வேற கதை. ஃபோன் தொலைஞ்சாலும் இதே சைட்லதான் ப்ளாக் பண்ண சொல்லணும், அதுக்கு போலீஸ் கம்ப்ளைன்ட் காப்பி கேக்கும், ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியா இருக்குற ஐஎம்இஐ நம்பரும் கேக்கும். ஃபோன் கைல இருக்குறப்பவே ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு அந்த நம்பர ஒரு நோட்ல எழுதி வச்சுக்கோங்க. தொலைஞ்சதுக்கு அப்பறம் எதுல அடிப்பீங்க?

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இந்த அரசாங்க சைட்டெல்லாம் கூகுள்ல தேடுனா மேல வர்றது பாதி விளம்பரம்தான். அட்ரஸ் கடைசில டாட் ஜிஓவி டாட் ஐஎன்னு இருக்கான்னு பாத்துட்டு உள்ள போங்க. பட்டா சிட்டாவும் அப்படித்தான், தமிழ்நாடு அரசு இ-சர்வீசஸ் சைட்ல சும்மாவே பாக்கலாம், சர்வே நம்பர கைல வச்சுக்கோங்க.

அப்பறம் ஹேவ் ஐ பீன் போன்ட். பேர் சொல்லவே வாய் சுளுக்குது, போன்டா இல்லங்க, போன்ட்! ட்ராய் ஹன்ட்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் 2013ல ஆரம்பிச்சது. மெயில் ஐடிய போட்டா எந்தெந்த டேட்டா திருட்டுல அது வெளிய போயிருக்குன்னு சொல்லும். என்னோடது அஞ்சு. அஞ்சுலயும் நான் ஒரே பாஸ்வேர்டுதான் வச்சிருந்தேன், திட்டாதீங்க, மாத்திட்டேன்.

எல்லாமே பயமுறுத்துற மாதிரியே போகுது, புடிச்சதையும் சொல்லிர்றேன். ரேடியோ கார்டன், பூமி உருண்டைய சுத்தி ஒரு பச்ச புள்ளி மேல நிறுத்துனா அந்த ஊர் ரேடியோ பாடும். நேத்து ராத்திரி ஐஸ்லாந்துல நிறுத்திட்டு அப்படியே தூங்கிட்டேன், என்ன பேசுனாங்கன்னு சத்தியமா தெரியாது.

இன்னொண்ணு மதுரை திட்டம், ப்ராஜெக்ட் மதுரை. 1998 பொங்கலன்னைக்கு ஆரம்பிச்சது. ஸ்விட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம்ங்குறவர் முன்னாடி நின்னு நடத்த, உலகம் பூரா இருக்குற தமிழ் ஆளுங்க தமிழ் புத்தகங்கள சும்மா சேவையா டைப் அடிச்சு குடுத்தது. சங்க இலக்கியத்துல இருந்து பாரதியார் வரைக்கும் கெடக்கு. சைட்ட பாத்தா பழைய வீடு மாதிரி இருக்கும், டிசைன்லாம் ஒண்ணும் கிடையாது. ஆனா ஒரு பாப்-அப் வராது, குக்கீ ஏத்துக்கோன்னு கெஞ்சாது, டவரே இல்லாத எங்க அத்த ஊர்ல கூட சட்டுன்னு தொறந்துச்சு. இலங்கை புத்தகம், பழைய பத்திரிகை வேணும்னா நூலகம் டாட் ஆர்க், அது 2005ல இருந்து ஓடுது. அதுல ஒரு பழைய பத்திரிகைய தொறந்தா விளம்பரத்தயே ஒரு மணி நேரம் படிச்சுட்டு இருப்பேன்.

இருங்க, தங்கச்சி கூப்பிடுறா... என்னடி? ... என்னது, பேக்ரவுண்ட் வெள்ளையா இருக்கணுமா? அத ஏன்டி இப்ப சொல்ற!

மக்களே, ஆறு மணிக்கு அப்ளிகேஷன் க்ளோஸ். நான் போய் பெட்ஷீட்ட செவுத்துல கட்டுறேன், பை.