நிலாவெளிப் பக்கம் மஞ்சள் பூ: அது கிலுகிலுப்பையா?

[காட்சி: வீதியோர மணல் தரிசு, காற்றில் ஆடும் மஞ்சள் பூங்கொத்துகள்]

வணக்கம். மாரி மழை ஓய்ந்த பிறகு திருகோணமலையில் உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் போனால், வேலியோரங்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மஞ்சளாக எது பூத்திருந்தாலும் "ஆவாரை" என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். இன்றைக்கு நாம் தேடுவது ஆவாரை இல்லை, கிலுகிலுப்பை. தாவரவியலில் குரோட்டலேரியா ரெட்டியூசா. 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் இது. இலங்கைக்கு உரித்தான செடிதான், எவரும் கொண்டுவந்து நட்டதல்ல.

இரண்டுமே அவரைக் குடும்பம். ஆனால் ஆவாரைப் பூவில் ஐந்து இதழ்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி விரிந்திருக்கும். கிலுகிலுப்பை அப்படியில்லை.

[காட்சி: ஒற்றைப் பூ, மிக அருகில்]

மேலே அகலமாக நிமிர்ந்து நிற்பது கொடி இதழ். அதைத் திருப்பி முதுகைப் பாருங்கள், செவ்வூதா நிறம் தீற்றியிருக்கும். பக்கத்தில் இரண்டு சிறகு இதழ்கள். அவற்றை மெல்ல விலக்கினால் உள்ளே இரண்டு இதழ்கள் ஒட்டிப் படகாகி, நுனியில் அலகு வைத்திருக்கும். படகைப் பிரித்தால் மகரந்தம் தாங்கும் பத்துக் கேசரங்கள், அடியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, மேலே ஐந்து நீளமாகவும் ஐந்து குட்டையாகவும். குண்டூசி ஒன்று கையில் இருந்தால் இந்த வேலை சுலபம்.

பூ இல்லாத காலத்தில்? இலை போதும். ஒரு காம்புக்கு ஒரே இலை. நுனி கூராக முடியாமல் உருண்டு, நடுவில் சின்னதாக உள்வாங்கியிருக்கும். என்னைக் கேட்டால் பூவைவிட இதைத்தான் நம்பலாம். மூன்று மூன்று சிற்றிலையாக இருந்தால் அது இதே பேரினத்தின் வேறு இனம். யாழ்ப்பாணப் பக்கம் வயலில் பசளைக்காக விதைக்கும் சணலும் இதன் உறவுதான்; அதன் இலை ஒடுக்கமாகக் கூர்ந்திருக்கும், காயில் மென்மயிர் இருக்கும். கிலுகிலுப்பைக் காயோ வழுவழுப்பு. ஊதிப் பருத்து, முற்றியதும் கறுத்துவிடும். ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும்.

சரி, மலைநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோர்ட்டன் சமவெளியில் இதே போன்ற மஞ்சள் பூவோடு முட்புதர் ஒன்று நிற்கும். அது யூலெக்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்து அங்கே புல்வெளியைப் பிடித்துக்கொண்டது. முள் இருந்தால் கிலுகிலுப்பை இல்லை, அவ்வளவுதான்.

[காட்சி: வாடிய கிளையில் வரி போட்ட வண்ணத்துப்பூச்சிகள்]

இவை தேனுக்கு வந்தவை அல்ல. செடியிலுள்ள நச்சு அல்கலாயிட்டை ஆண் பூச்சிகள் உறிஞ்சி, அதை வைத்துத்தான் பெண்ணைக் கவரும் வாசனையைத் தயாரிக்கின்றன. அதே நச்சு மாட்டுக்கும் குதிரைக்கும் ஈரலைக் கெடுக்கும். ஆகவே பிடுங்கிய செடியை மாட்டுப்பட்டிப் பக்கம் போடாதீர்கள். சத்தம் கேட்டு ஆசைப்படும் சின்னப் பிள்ளைகளிடம் காயைக் கொடுத்தால் விதை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.