நடைபாதையில் விலங்கு நடமாடினால் பாதிப்பில்லை என்று அர்த்தமா?

[காட்சி: காட்டுக்குள் ஒரு நடைபாதை. பகலில் மலையேறும் குழு. அதே இடத்தில் இரவில் ஒரு சிறுத்தை.]

பகலில் மனிதர்கள் நடந்த தடத்திலேயே இரவில் சிறுத்தை போகிறது. இதை வைத்து, பாதையால் தொந்தரவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புதர் இல்லாத தடம் நடக்கச் சுலபம் என்பதால் பெரிய ஊனுண்ணிகள் பலவும் அதைப் பயன்படுத்தும், விலங்கு கடந்தால் தானே படமெடுக்கும் தானியங்கி கேமராவிலும் அடிக்கடி சிக்கும். அங்கே கண்ணில் படும் வாய்ப்புதான் கூடுகிறது. எண்ணிக்கையும் கூடியிருக்கிறதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால், பாதையின் பாதிப்பை அளக்கும் ஆய்வு முழுவதும் தடம் மாறிப் போகும்.

[வரைபடம்: பாதையிலிருந்து விலகிச் செல்லும் கேமரா புள்ளிகள்]

எனவே பாதையோரத்தோடு நிறுத்தாமல் 50, 200, 500 மீட்டர் தள்ளியும் தானியங்கி கேமராக்களை வையுங்கள். பார்வையாளர்களுக்கு மூடப்பட்ட, அதே அகலமுள்ள இன்னொரு பாதை கிடைத்தால் அதுதான் மிகச் சிறந்த ஒப்பீடு. அங்கே தடம் உண்டு, மனிதர் இல்லை; தடத்தின் விளைவையும் மனிதரின் விளைவையும் பிரித்தெடுக்கலாம். பாதைகள் பெரும்பாலும் ஓடையோரமும் மலைமுகடுமாகப் போகின்றன. ஆகவே நீர், சரிவு, மரச்செறிவு ஆகியவற்றையும் ஒவ்வொரு புள்ளியிலும் பதிய வேண்டும். புதுப்பாதை வரப்போகிறது என்றால், திறப்பதற்கு முன்பே பதிவைத் தொடங்குங்கள். அந்தத் தரவைப் பிற்பாடு எந்தக் கணக்காலும் ஈடுகட்ட முடியாது.

[காட்சி: மரத்தில் கேமரா கட்டும் கைகள்]

நடுத்தர அளவுப் பாலூட்டிகளுக்கு 40 முதல் 50 செ.மீ. உயரம் போதும். தடத்துக்குச் செங்குத்தாக வைத்தால் வேகமாகக் கடக்கும் விலங்கின் வால்தான் கிடைக்கும். தடத்தின் போக்கை நோக்கிச் சற்றுத் திருப்பி வையுங்கள். உதயத்தையோ அஸ்தமனத்தையோ நோக்கி வைக்கக் கூடாது. முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால், காற்றில் அது ஆடியே மெமரி கார்டு நிறைந்துவிடும். சுற்றுப்புற வெப்பம் விலங்கின் உடல்வெப்பத்தை நெருங்கும் கோடை மதியத்தில், உடல்வெப்பத்தை உணர்ந்து கேமராவை இயக்கும் அகச்சிவப்பு உணரி பல விலங்குகளைத் தவறவிடும். "மதியம் நடமாட்டம் இல்லை" என்று எழுதுமுன் இதை யோசியுங்கள்.

மனிதர்களையும் எண்ண வேண்டும். கடந்து போவோரை எண்ணும் தானியங்கிக் கருவி, பக்கம் பக்கமாக நடக்கும் இருவரை ஒருவராகக் கணக்கிடும். சில மணி நேரம் நேரில் எண்ணி அதைத் திருத்துங்கள். நாயோடு வருவோரையும் மிதிவண்டியில் வருவோரையும் தனித்தனியே குறியுங்கள். முகங்களை மங்கலாக்கிய பிறகே படங்களைச் சேமியுங்கள்.

[வரைபடம்: 24 மணி நேர நடமாட்ட வளைவு]

இனி நேரம். இங்கேதான் பாதிப்பு ஒளிந்திருக்கும். 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு 62 பாலூட்டி இனங்களைப் பார்த்தது: மனிதத் தொந்தரவு கூடும் இடங்களில் இரவு நடமாட்டம் சராசரியாக 1.36 மடங்கு ஆகியிருந்தது. நடந்து போவது போன்ற, உயிருக்கு ஆபத்தில்லாத நடமாட்டத்துக்கும் விலங்குகள் இப்படித்தான் நடந்துகொண்டன.

மொத்தப் படங்களின் எண்ணிக்கை மாறாமலே இருக்கலாம். வளைவு மட்டும் இரவுப் பக்கம் சாய்ந்திருக்கும். பருவத்துக்குப் பருவம் சூரியோதயம் மாறுவதால், கடிகார நேரத்தைச் சூரிய நேரமாக, அதாவது உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துக் கணக்கிடும் நேரமாக, மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். அந்த வளைவைக் கையில் வைத்துக்கொண்டுதான், பாதையை மாலை எத்தனை மணிக்கு மூடுவது என்று வனத்துறையிடம் பேச முடியும்.