கடை மூடிய மாதத்துச் சம்பளம்

நேயர்களுக்கு வணக்கம். நான் வரிக் கணக்கு பார்ப்பவன். வெள்ளத்தில் கடை மூடினாலும் வேலையாட்களுக்குச் சம்பளம் கிடைக்க வரிச் சட்டம் என்ன செய்யலாம் என்பதை மழைக்காலத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

2018 ஆகஸ்டில் முதிரப்புழையாறு பழைய மூணாறுக்குள் புகுந்தது நினைவிருக்கும். பெரியவாரைப் பாலம் உடைந்தது. குறிஞ்சி பூத்த வருடம் அது. சீசனை நம்பி ஆள் வைத்திருந்த கடைகளும் லாட்ஜுகளும் வெறிச்சோடின. அப்படி ஒரு நேரத்தில் முதலாளிக்கு முதலில் தோன்றுவது, வேலையாட்களை நிறுத்திவிட்டு, ஊருக்குப் போகச் சொல்லி போடிக்குப் பஸ் ஏற்றிவிடலாம் என்பதுதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வரிச் சட்டம் அவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள்.

ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு, 18 சதவீத ஜிஎஸ்டி. கொள்முதலில் கட்டிய அந்த 18,000 ரூபாயை விற்கும்போது வசூலித்துக் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு வெள்ளத்தில் அழிந்தால் அந்த உரிமை கிடையாது. கழித்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கும் போய், வரியும் போகிறது. கடைப் பையன் ஒருவனின் ஒரு மாதச் சம்பளம் அதிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 2017 புயல்களுக்குப் பிறகு ஒரு சலுகை தந்தார்கள். தொழில் முடங்கிய நாட்களிலும் சம்பளம் கொடுத்த முதலாளிக்கு, ஆளுக்கு 6,000 டாலர் வரையான சம்பளத்தில் 40 சதவீதம் வருமான வரியில் கழிவு. சம்பளம் கொடுத்தால்தான் சலுகை என்று வைத்ததுதான் அதன் சிறப்பு. ஆனால் நம் சிறு கடைக்காரருக்கு நஷ்ட வருடத்தில் வருமான வரியே வராதே, எதில் கழிப்பது?

அதற்கும் நம் நாட்டிலேயே வழி இருந்தது. 2020 கொரோனா காலத்தில், பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கும் சிறு நிறுவனங்களில், அவர்களுக்கான பிஎஃப்பில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் மத்திய அரசே சில மாதம் கட்டியது. பேரிடர் என்று அறிவித்த தாலுகாக்களில் அதையே செய்யட்டும். அழிந்த சரக்கின் ஜிஎஸ்டியையும் திருப்பிக் கேட்காமல் விடட்டும். வியாபாரிகள் சங்கம் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

சரி, அதுவரை? ஸ்டாக் புத்தகத்தையும் சம்பளப் பதிவேட்டையும் மாதாமாதம் போனில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளம் வந்தால் சேற்றை வாருவதற்கு முன்பே படம் எடுத்து, வில்லேஜ் ஆபீஸில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நஷ்டம்தானே என்று வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விடாதீர்கள். கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால் அந்த வியாபார நஷ்டத்தை அடுத்த 8 வருட லாபத்தில் கழிக்கலாம். தேதி தவறினால் அந்த வாய்ப்பு போய்விடும்.