தள்ளினா போதாது, தட்டத் தெரியணும்

நடுவர் அவர்களே, எதிரணி ஜாம்பவான்களே, கல்மண்டபத்துல தெருவை மறிச்சு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற சொந்தங்களே, வணக்கம். வணக்கத்துக்கு அவ்ளோதான் நேரம். எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. அதுல ரெண்டு நிமிஷத்தை எதிரணி அண்ணனுக்கு நீங்க தட்டின கைதட்டலே சாப்பிட்டுடுச்சு.

தலைப்பு, "பழைய ஸ்போர்ட்ஸ் கார்ல தினமும் வேலைக்குப் போறது வாழ்க்கையா, வம்பா?" நான் வாழ்க்கைக் கட்சி. அண்ணன் வம்புக் கட்சி. அவரு பேசினதைப் பார்த்தாலே தெரியும்.

என்ன சொன்னாரு? "எம்.ஜி.பி. காருக்கு ஏன் ரெண்டே சீட்டு தெரியுமா? மீதி நாலு பேர் வெளியில நின்னு தள்ளணும்ல, அதுக்குத்தான்." நீங்க விசில் அடிச்சீங்க. நடுவரும் சிரிச்சாரு. நடுவர் சிரிச்சதை நான் மனசுல குறிச்சு வெச்சிருக்கேன்.

முதல்ல, வண்டி யாருன்னு தெரியாதவங்களுக்கு. நம்ம ஊர்ல எம்.ஜி.ன்னு ஆரம்பிச்சா அடுத்து 'ஆர்'தான் வரும், 'பி' வராது. இது மோரிஸ் காரேஜஸ். இங்கிலாந்துல ஆபிங்டன்ல செஞ்ச வண்டி. 1962-லேர்ந்து 1980 வரைக்கும் 5 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்காங்க. 1798 சிசி, நாலு சிலிண்டர், ரெண்டு எஸ்.யு. கம்பெனி கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற சாமான். ராஜா வீட்டு வண்டி இல்லைங்க. அந்த ஊர்ல வாத்தியாரும் குமாஸ்தாவும் ஆபீஸுக்கு ஓட்டின வண்டி. அகலம் 1 மீட்டர் 52. இன்னைக்கு ஸ்விஃப்ட் 1 மீட்டர் 73. ஒரு சாண் கம்மி! எம்.சி. ரோட்ல தீபாவளிக் கூட்டத்துல அந்த ஒரு சாண் என்ன விலைன்னு இங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்லணுமா?

சரி, கதைக்கு வரேன். அண்ணன் சொன்ன கதைதான். ஆனா அவரு பாதியில இறங்கிட்டாரு. நான் கடைசி ஸ்டாப் வரைக்கும் போறேன்.

திருவொற்றியூர்லேர்ந்து மின்ட்டுக்கு எம்.ஜி.பி.யில வேலைக்குப் போற ஒருத்தர். தை மாசம், காலையில 9 மணி, பேசின் பிரிட்ஜ் மேம்பாலம். முன்னாடி கன்டெய்னர் லாரி, பின்னாடி மாநகரப் பஸ், நடுவுல இந்தக் குட்டிச் சிவப்பு வண்டி. ஒரு குலுக்கு, ரெண்டு குலுக்கு, நின்னுடுச்சு. தள்ள நாலு பேர் வந்தாங்க. ஒரு ஷேர் ஆட்டோக்காரரு, ஒரு டிராபிக் கான்ஸ்டபிள், டியூஷனுக்கு லேட்டான ஒரு பையன், காசிமேட்டுலேர்ந்து மீன் பாடி வண்டியில வந்த ஒரு அண்ணன். அவருதான் கேட்டாராம், "இன்னா சார், நீ கீழ எறங்கினின்னா வெயிட்டு கொறையும்ல?" இத்தோட எதிரணி அண்ணன் கதையை முடிச்சிட்டு உட்கார்ந்துட்டாரு. வண்டி இன்னும் பாலத்து மேலயே நிக்குது. எவ்ளோ நேரங்க நிக்கும்?

தள்ளிக்கிட்டே பாலம் இறங்கிட்டாங்க. இறக்கத்துல ஒரு ஆயா ஆப்பக்கடை. ஆயா கேட்டாங்க: "இன்னாத்துக்கு நைனா தள்றீங்கோ? சாவியப் போடு. ஸ்டார்ட் பண்ணாத. எல்லாரும் கம்முனு இருங்க." பேசின் பிரிட்ஜ்ல காலை 9 மணிக்குக் கம்முனு இருக்கிறதாம்! கான்ஸ்டபிளே வாயை மூடிக்கிட்டாரு. வண்டிக்காரரு சாவியைப் போட்டாரு. ஆயா காதைச் சாய்ச்சாங்க. "சத்தம் வர்ல பாரு. பம்பு தூங்குது. பின் சக்கரத்தாண்ட கைய வுட்டுத் தட்டு." தட்டறதுக்கு எது? ஸ்பேனர் டிக்கியில, டிக்கி மேல டிபன் கேரியர், பை, குடை. ஆயா ஆப்ப மாவு கலக்குற மரக்கரண்டியை நீட்டினாங்க.

வலது பின் சக்கரத்துக்கு முன்னாடி, அடியில கையை விட்டு, கரண்டிக் காம்பால மெதுவா ஒரு தட்டு. ஒண்ணுமில்ல. இன்னொரு தட்டு. டிக். அப்புறம் டிக்… டிக்… டிக்டிக்டிக்டிக். பத்து எண்றதுக்குள்ள சத்தம் நின்னுச்சு. "நின்னுடுச்சே ஆயா!" "நிக்கத்தான் வேணும். கார்புரேட்டர் கிண்ணம் பெட்ரோலால ரொம்பிச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணு." ஒரே சுத்து. வண்டி போச்சு. கரண்டியும் வண்டியோட போச்சு, அது தனிக் கதை.

அண்ணே, இதுல மந்திரம் ஏதும் இல்ல. அந்த எஸ்.யு. பெட்ரோல் பம்பு பழைய காலிங் பெல் மாதிரி. உள்ள ஒரு கம்பிச் சுருள், டயாஃப்ரம்னு ஒரு சவ்வு, கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற ரெண்டு கான்டாக்ட் பாயிண்ட். கரண்டு வந்தா டயாஃப்ரம் இழுக்கும், பெட்ரோல் உள்ள வரும். இழுத்து முடிச்சா பாயிண்ட் விலகிக் கரண்டு நிக்கும். ஸ்பிரிங் திருப்பித் தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும், பாயிண்ட் மறுபடி சேரும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டிக். பாயிண்ட்ல களிம்பு படிஞ்சா கரண்டு பாயாது. தட்டினா அதிர்ச்சியில ரெண்டும் ஒட்டும். அவ்ளோதான். பெட்ரோலே வராத வண்டியை நீங்க எண்ணூர் வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது. தள்றது பேட்டரி இறங்கினதுக்கு வைத்தியம். நாலு பேர் தள்ளினது வண்டியோட குத்தம் இல்லண்ணே, வியாதி தெரியாம மருந்து கொடுத்தது.

அந்தச் சத்தத்துலயே பாதி வைத்தியம் இருக்கு. சாவி போட்டதும் படபடன்னு டிக் டிக்னு அடிச்சு நின்னா நல்லது. டிக்கே இல்லன்னா பாயிண்ட், இல்லாட்டி எர்த் ஒயரு. நிக்காம டிக்கிக்கிட்டே இருந்தா டேங்க்ல பெட்ரோல் இல்ல, இல்ல எங்கேயோ ஒழுகுது. சாவியை அணைச்சிட்டு வண்டியை விட்டு இறங்குங்க. ஒழுகலையும் இன்ஜின் சூட்டையும் வெச்சு விளையாடக் கூடாது.

இப்ப முக்கியமான கேள்வி. அந்தப் பாயிண்ட்ல ஏன் களிம்பு படிஞ்சது? (நடுவர் மணியைப் பார்க்காதீங்க, இதுதான் என் முழு வாதமும்.) மழைக்காலம்னு ஐப்பசியில கவர் போட்டு மூடினவரு, தை மாசம்தான் எடுத்தாரு. மூணு மாசம்! எதிரணி என்ன சொல்லுது? "இந்த வண்டியெல்லாம் ஷெட்டுல வெச்சு அழகு பார்க்கணும்." அழகு பார்த்ததாலதான்யா பாலத்துல நின்னுச்சு!

நிக்கிற வண்டியில என்னென்ன போகும்? பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும், வீல் சிலிண்டர் உள்ள துருப்பிடிச்சு பிஸ்டன் இறுகிடும். கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோட ஒட்டிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் ஆவியாகி அடியில பிசின் மாதிரி தங்கும், மிதவை ஊசி மாட்டிக்கும். ஆயில் சீல் காஞ்சு வெடிக்கும். இதுல காசிமேட்டு உப்புக் காத்து வேற. எர்த் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்து நிக்கும். மாசம் ஒரு தடவை கழட்டி, எமரி பேப்பர்ல தேய்ச்சு, வாசலின் தடவி மாட்டுங்க. பாதி கரண்டு வியாதி ஓடிப்போயிடும். தினம் ஓடுற வண்டிக்கு இன்ஜின் சூட்டுல ஈரம் காயும், ஆயில் எல்லா மூலைக்கும் போகும், பம்போட பாயிண்ட் தன்னாலயே சுத்தமாகும்.

"பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்களே, பழைய வண்டி தாங்குமா?" ரெண்டாவதா பேசின தங்கச்சி கேட்டது நல்ல கேள்வி. 2025-லேர்ந்து பங்க்ல 20 சதவீத எத்தனால். பழைய ரப்பர் ஓஸை அது ஊற வெச்சு, வெடிக்க வெக்கும். எத்தனாலுக்குன்னே வர்ற ஓஸை மாத்துங்க, வருஷத்துக்கு ஒரு தடவை வளைச்சுப் பாருங்க. எத்தனால் கலந்தா கலவை வலுவில்லாம போகும். வலுவிருக்கா இல்லையான்னு பார்க்க மீட்டரே வேணாம். எஸ்.யு. கார்புரேட்டர் ஓரத்துல, அடியில, குண்டூசித் தலை மாதிரி ஒரு பின் தொங்கும். இன்ஜின் சூடேறி ஐட்லிங்ல இருக்கும்போது அதை விரல் நுனியால மேல தூக்குங்க. ஒரு மில்லிமீட்டர் கூட வேணாம். சத்தம் ஏறி அப்படியே நின்னா பெட்ரோல் ஜாஸ்தி. தூக்கினதும் இன்ஜின் முனகி அடங்கினா பெட்ரோல் கம்மி. லேசா ஏறி, உடனே பழைய தாளத்துக்கு வந்தா சரி. கம்மியா இருந்தா, பழைய ஹெச்.எஸ்.4 கார்புரேட்டர்ல அடியில இருக்கிற ஜெட் நட்டை ஒரு பட்டை கீழ இறக்குங்க. ஆறு பட்டையில ஒண்ணு. ஒரே நாள்ல மூணு பட்டை இறக்கிட்டு "பிளக் கருப்பாகுது சார்"னு வந்து நிக்காதீங்க.

டிராபிக்? சிக்னல்ல கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே நிக்காதீங்க. இதுல கிளட்ச் பேரிங் இரும்புக் குண்டு போட்டது இல்ல, கரிக்கட்டை. தேஞ்சா போச்சு. மாத்தணும்னா இன்ஜினையே வெளிய எடுக்கணும். நியூட்ரல் பண்ணிட்டுக் காலை எடுங்க. சூடேறுதா? ரேடியேட்டருக்கு 12 அங்குல எலக்ட்ரிக் ஃபேன் போடுங்க, ரிலே வெச்சு. பழைய டைனமோ வண்டியா இருந்தா அது கொடுக்கிறது 22 ஆம்பியர்தான், ஐட்லிங்ல அதுவும் வராது. ஆல்டர்னேட்டருக்கு மாறுங்க. மாறுறதுக்கு முன்னாடி வண்டி பாசிட்டிவ் எர்த்தான்னு, அதாவது பேட்டரியோட பிளஸ் முனையை பாடியோட சேர்த்திருக்கான்னு பாருங்க. பார்க்காம மாட்டினா மாட்டின நிமிஷமே டயோடு புகையும். கணேசபுரம் சப்வேயில தண்ணி நின்னா, சுத்திப் போங்க. அதுக்கு எந்த வண்டியா இருந்தா என்ன.

சட்டம்? அண்ணன் சொன்னது சரி. 2021 விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 'விஏ' எழுத்துப் போட்ட நம்பர் வாங்கினா கண்காட்சி, ரேலி, பெட்ரோல், ரிப்பேர், இதுக்குத்தான் ரோட்டுக்கு வரலாம். ஆபீஸுக்குப் போகக் கூடாது. ஒத்துக்கிறேன். 50 ஆகாத வண்டியா பாருங்க, 5 வருஷத்துக்கு ஒருக்கா எஃப்.சி. காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிங்க. இந்தப் பாயிண்ட்ல நான் ரொம்ப நேரம் நிக்க விரும்பல, நடுவர் சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு.

வாங்கும்போது ஒண்ணே ஒண்ணு. கதவுக்குக் கீழ நீளமா ஓடுற இரும்புத் தகட்டை இங்கிலீஷ்ல சில்லுன்னு சொல்வாங்க, அதுதான் இந்த வண்டிக்கு முதுகெலும்பு, தனிச் சேசிஸ் கிடையாது. ஜாக்கி போட்டு ஒரு பக்கம் தூக்குங்க. தூக்கினப்புறம் கதவைத் திறந்து மூடுங்க. இறுகிச்சுன்னா சில்லு துருவேறிப் போச்சு. பெயின்ட் எவ்ளோ பளபளன்னு இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

முதல் மணி. சரி, சரி.

அண்ணே, "வட சென்னைக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும் என்ன சம்பந்தம்?"னு போற போக்குல ஒண்ணு கேட்டுட்டுப் போனீங்களே, அதுதான் வலிச்சுது. திருவொற்றியூர்ல புல்லட் செஞ்ச ஊரு இது. எண்ணூர்ல லேலண்ட் லாரி செஞ்ச ஊரு. ரெண்டாம் உலகப் போர்ல விமானம் இறங்கப் போட்ட சோழவரம் ஓடுபாதையில, 1953-ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தினப்போ, செங்குன்றம் வழியா லாரி ஏறிப் பார்க்கப் போனது யாரு? வண்டி ஓட்டினது பெரிய வீட்டுப் பிள்ளைங்களா இருக்கலாம். அந்த வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தது யாரு?

ஆயாவுக்கு எப்படிங்க பம்பு தெரியும்? அதை அண்ணன் கேக்கவே இல்லையே! ஆயாவோட வூட்டுக்காரரு டி.எச். ரோட்ல மெக்கானிக். ரேஸ் நாள்னா டூல்ஸ் பொட்டியைத் தூக்கிக்கிட்டு சோழவரம் போவாராம். மத்த நாள்ல பம்பைக் கழட்டி வூட்டுக்கே கொண்டாந்துடுவாரு. ராத்திரி திண்ணையில பேட்டரி வெச்சு, கிண்ணத்துல பெட்ரோல் ஊத்தி, டிக் டிக்னு ஓட விட்டுப் பார்ப்பாரு. உள்ள ஆயா மாவு அரைப்பாங்க, வெளிய அவரு பாயிண்ட் தேய்ப்பாரு. சத்தம் சீரா வந்தாத்தான் சாப்பிட வருவாரு. அவரு போயி வருஷமாச்சு. அன்னைக்குப் பாலத்துக்குக் கீழ அந்தச் சத்தம் திரும்பக் கேட்டப்போ, கரண்டி போனதுகூட ஆயாவுக்குத் தெரியல.

மறுநாள் வண்டிக்காரரு கரண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனாரு. இப்போ தினம் போறாரு. 9 மணிக்கு ஆப்பக்கடைகிட்ட வண்டியை நிறுத்தி, ரெண்டு ஆப்பம் சாப்பிட்டு, ஏறி உட்கார்ந்து, சாவியை மட்டும் போடுவாரு. டிக் டிக் டிக்… நிக்கும். ஆயா தலையாட்டுவாங்க. அப்புறம்தான் ஸ்டார்ட்டர்.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. வணக்கம்.