எம்.எஸ். என்றால் எது?

செவிலியர் பயிற்சியில் இருக்கும் உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எம்.எஸ். என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பட்டறையில் சொன்னால் மென் எஃகு. பதிப்பகத்தில் சொன்னால் கையெழுத்துப் பிரதி. அங்கெல்லாம் குழப்பம் இல்லை. நிற்கும் இடமே பொருளைச் சொல்லிவிடுகிறது.

மருத்துவமனையில் அந்தத் துணை கிடைக்காது. அறுவை மருத்துவரின் பெயருக்குப் பின்னால் வந்தால் அது பட்டம். நரம்பியல் பிரிவில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோய். இதயப் பிரிவில் மைட்ரல் வால்வு குறுகிப்போன நிலை. மருந்துச் சீட்டிலோ ஒருவர் மார்ஃபின் சல்ஃபேட்டை நினைத்து எழுதுவார், இன்னொருவர் மெக்னீசியம் சல்ஃபேட் என்று படிப்பார். முதலாவது கடும் வலிக்கு. இரண்டாவது பேறுகால வலிப்புக்கு. அளவு மீறினால் இரண்டுமே மூச்சை அடக்கிவிடும்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன், எழுதவே கூடாத சுருக்கங்கள் என்று 2004-இல் ஒரு பட்டியல் வகுத்தது. எம்.எஸ். அதில் இருக்கிறது. யூ என்ற ஒற்றை ஆங்கில எழுத்தும் இருக்கிறது. யூனிட் என்பதைச் சுருக்க நாம் அன்றாடம் போடுகிற அதே எழுத்துதான்.

ஒரு தாளில் 10 என்று எழுதி, இடைவெளி விடாமல் பக்கத்தில் அந்த யூவைப் போட்டுப் பாருங்கள். கை சற்று விரைந்தால் எழுத்தின் மேல்வாய் மூடிக்கொள்ளும். மூடிய யூ சுழியம்தான். 10 யூனிட் இன்சுலின் 100 ஆகிவிடும். மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினில், ஒரு மில்லிலிட்டர் ஊசியின் பத்தில் ஒரு பங்கு போக வேண்டிய இடத்தில் ஊசி முழுவதும் உள்ளே போகும். இரத்தச் சர்க்கரை சரிந்து நோயாளி நினைவிழப்பார். யூனிட் என்று முழுதாக எழுத எத்தனை நொடி ஆகும்? மிச்சம் பிடித்தவர் எழுதியவர்; விலை கொடுப்பவர் படுக்கையில் இருப்பவர். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

ஓ.டி.யும் இப்படித்தான். தினம் ஒரு வேளை என்ற பொருளில் எழுதுகிறோம். கண் மருத்துவத்தில் அது வலது கண். லத்தீன் வழி வந்த குறி. குடிக்க வேண்டிய திரவ மருந்தைக் கண்ணில் விட்ட பிழைகள் இதனால் நேர்ந்திருக்கின்றன. அவசரப் பிரிவில் அதே ஓ.டி. மருந்தை அளவு மீறி உட்கொண்ட நிலை.

வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற சுருக்க அறிக்கையை நாம் மட்டும் படிப்பதில்லை. அப்பாவின் அறிக்கையில் எம்.எஸ். என்றிருப்பதை இரவில் தனியாக உட்கார்ந்து தேடிப் பார்க்கும் ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். அவருக்கு இருப்பது வால்வுக் கோளாறு. மகளின் தேடலில் முதலில் வந்து நிற்பது நரம்பு நோய். விடியும்வரை அவள் அழுவது அப்பாவுக்கு இல்லாத நோய்க்காக.